கறுத்த வானமும் காலியான நிலமும்

கலிஃபோர்னியாவில் லோன் பைன் என்றொரு சிற்றூர். ஊருக்கு மேற்கே சியர்ரா நெவாடா மலைத்தொடர் செங்குத்தாக எழுகிறது. 1944-இல், ஒரு குளிர்கால விடியலில், ஆன்சல் ஆடம்ஸ் அங்கே எடுத்த படம் இன்றும் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்குகிறது. உச்சியில் வெயில் பட்டுப் பளிச்சிடும் பனிச்சிகரங்கள். நடுவில் இன்னும் விடியாத குன்றுகளின் கரிய பட்டை. அடியில், ஒரு கீற்று வெளிச்சத்தில் மேயும் குதிரை. அந்தக் கரிய குன்றில் உண்மையில் ‘எல்.பி.’ என்ற இரண்டு எழுத்துகள் இருந்தன. பள்ளி மாணவர்கள் தங்கள் ஊரின் முதலெழுத்துகளைக் கற்களுக்கு வெள்ளையடித்துப் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். ஆடம்ஸ் அவற்றை நெகட்டிவிலேயே தம்மால் இயன்றவரை அழித்துவிட்டார். செய்ததை அவர் மறைக்கவும் இல்லை. தம் நாற்பது படங்கள் உருவான விதத்தைச் சொல்லும் நூலில் இதையும் எழுதி, நியாயமும் கற்பித்திருக்கிறார்.

லோன் பைனுக்கு வடக்கே சில மைல் தொலைவில் மன்ஸனார். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினர் பத்தாயிரம் பேருக்கு மேல் முள்வேலிக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்த முகாம் அது. ஆடம்ஸ் அந்தப் பக்கம் வந்ததே அவர்களைப் படமெடுக்கத்தான். எடுத்தார், 1944-இல் நூலாகவும் கொண்டுவந்தார். முகாமுக்கு அருகிலிருந்தே வில்லியம்சன் சிகரத்தையும் எடுத்தார். முன்னால் கண்ணுக்கெட்டும்வரை பாறாங்கற்கள், அப்பால் மேகத்தைப் பிளந்து இறங்கும் ஒளி. மனிதன் பிறப்பதற்கு முன்பே எடுத்த படம் என்று சத்தியம் செய்யலாம். முகாமின் சுவடு ஒரு மூலையிலும் கிடையாது. மனிதர்கள் ஒரு நூலில், மலை வேறொரு படத்தில்.

பெரிய கேமராவில், கறுப்பு வெள்ளையில், மனிதர் கைபடாத நிலத்தைப் படமெடுக்கும் மரபுக்கு நூற்றறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றிய சச்சரவும் கிட்டத்தட்ட அவ்வளவு பழையது. வானத்தை இவ்வளவு கறுப்பாக்கலாமா, இயற்கையில் இல்லாத நாடகத்தை இருட்டறையில் சேர்க்கலாமா என்பது ஒரு தரப்பின் கேள்வி. இந்தப் படங்களில் மனிதர்கள் எங்கே போனார்கள் என்பது இன்னொரு தரப்பின் கேள்வி. இரண்டையும் ‘பொய்’ என்ற ஒரே குற்றச்சாட்டில் போட்டுக் கலக்குவதால்தான் விவாதம் நகராமல் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் கேள்வி கலையைப் பற்றியது. அதற்கு இந்தக் கலைஞர்கள் நல்ல பதில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது நிலத்தைப் பற்றியது. அங்கேதான் அவர்கள் திணறுகிறார்கள்.

கருவியை முதலில் பார்த்துவிடலாம். நம் ஊர் ஸ்டுடியோக்களில் தாத்தா காலத்தில் முக்காலி மேல் நின்ற மரப்பெட்டிக் கேமராவும், அதன் துருத்தியும், போட்டோகிராபர் தலையில் போர்த்திக்கொண்ட கறுப்புத் துணியும் நினைவிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அதே சாதியைச் சேர்ந்த கேமராதான் மலையேறுகிறது. ஃபிலிம் சுருளாக இருக்காது. ஒரு படத்துக்கு ஒரு தாள். நான்குக்கு ஐந்து அங்குலத் தாளின் பரப்பு, சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டத்தைப்போலச் சுமார் 15 மடங்கு. எட்டுக்குப் பத்து என்றால் 60 மடங்கு. அந்தப் பரப்பில்தான் ஒவ்வொரு ஊசியிலையும் பாறையின் ஒவ்வொரு விரிசலும் தனித்தனியாக வந்து உட்காருகின்றன. பின்புறத்துச் சொரசொரப்புக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும். பழகியவர்கள் இதை வசதி என்பார்கள்: மலை மலையாகத் தெரியாமல் வெறும் வடிவமாகத் தெரியும்போது, சட்டத்துக்குள் எது எங்கே கனக்கிறது என்று பார்ப்பது எளிதாம்.

லென்ஸ் பொருத்திய முன்பலகையும் ஃபிலிம் வைக்கும் பின்பலகையும் தனித்தனியே சாயும், ஏறும், இறங்கும், திரும்பும். முன்பலகையைச் சற்று முன்னால் சாய்த்தால் காலடிக் கூழாங்கல்லும் தொடுவானத்து மலையும் ஒருசேரத் துல்லியமாக வரும். பலகையை நேராக மேலே தூக்கினால், கேமராவை அண்ணாத்தாமலே நெடிய மரத்தின் நுனி வரை கிடைக்கும். மரம் பின்னால் சாய்ந்ததுபோல் இருக்காது. லென்ஸ் துளையை எஃப்/64 வரை சுருக்கினால் துல்லியம் இன்னும் ஆழமாகப் போகும். அதற்குக் கூலி உண்டு. ஒளி குறைவதால் ஷட்டர் நொடிக்கணக்கில் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் காற்று ஒரு கிளையை அசைத்தால் ஒரு தாள் வீண்.

இத்தனை துல்லியம் நம் கண்ணுக்குக் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். அருகில் இருப்பதைப் பார்க்கும்போது தூரத்தில் இருப்பது நமக்கு மங்கும். எல்லாவற்றையும் ஒரே கணத்தில் ஒரே கூர்மையோடு யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் இந்தப் படங்களைத்தான் ‘உள்ளது உள்ளபடி’ என்று நம்புகிறோம். விவரம் மிகுந்தால் நம்பிக்கை மிகுகிறது. சாட்சி சட்டைப் பொத்தானின் நிறத்தைக்கூடச் சொன்னால் நீதிபதி நிமிர்ந்து உட்காருவதுபோல. வானத்தில் யாரும் கைவைப்பதற்கு முன்பே, கேமராவின் பலகைகளிலேயே முதல் கட்டுமானம் முடிந்துவிடுகிறது.

தொடக்க காலத்தில் இது முதுகெலும்பை முறிக்கும் வேலையாக இருந்தது. 1861-இல் கார்லட்டன் வாட்கின்ஸ் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோன கேமரா, 18-க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளுக்கென்றே செய்யப்பட்டது. படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி சரியாக வராத காலம். எவ்வளவு பெரிய பிரிண்ட் வேண்டுமோ அவ்வளவு பெரிய நெகட்டிவ் எடுத்தாக வேண்டும். ஈரக் கொலோடியன் முறையில், தகட்டில் பசையை ஊற்றி, வெள்ளி உப்பில் முக்கி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். எனவே இருட்டறையும் கூடவே மலையேறியது: கூடாரம், ரசாயனம், தண்ணீர், கண்ணாடி, எல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில். அந்தப் படங்கள் 1862-இல் நியூயார்க்கில் கூப்பில் கலைக்கூடத்தில் காட்சிக்கு வந்தன. 1864 பிப்ரவரியில் கப்பல் நிறுவன அதிகாரி ஒருவர், பள்ளத்தாக்கைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டு எழுதிய கடிதத்தோடு யோசெமிட்டி படங்களையும் வைத்துச் செனட்டர் ஜான் கான்னஸுக்கு அனுப்பினார். ஜூன் 30 அன்று லிங்கன் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த மாதங்கள் அவை. லிங்கன் வாட்கின்ஸின் படங்களைப் பார்த்து உருகிக் கையெழுத்திட்டதாகச் சொல்லப்படும் கதைக்கு ஆதாரம் கிடையாது. அந்த அலங்காரம் இல்லாமலே இந்த வரலாறு போதுமான அளவு வியப்பானது. 1871-இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் யெல்லோஸ்டோனில் எடுத்தவை அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் காட்டப்பட்டன. 1872 மார்ச் முதல் நாள் அது தேசியப் பூங்காவானது. போனவர்கள் சொல்லியும் எவரும் நம்பாத வெந்நீர் ஊற்றுகளைத் தகடு சொன்னதும் நம்பினார்கள்.

வாட்கின்ஸின் முடிவு துயரமானது. கடனில் நெகட்டிவ்களை இழந்தார். மறுபடி எடுத்துச் சேர்த்தவையும் 1906-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்தன. 1916-இல் மனநல மருத்துவமனையில் இறந்தார். யோசெமிட்டியில் ஒரு சிகரத்துக்கு அவர் பெயர்.

வாட்கின்ஸ் யோசெமிட்டிக்குப் போன அதே பத்தாண்டில் இமயத்தில் சாமுவேல் பர்ன். 1863 முதல் 1866 வரை மூன்று பயணங்கள். கடைசிப் பயணத்தில் மணிராங் கணவாயில், சுமார் 18,600 அடி உயரத்தில், தகடு கழுவிப் படம் எடுத்தார். வெகுகாலம் அதைவிட உயரத்தில் யாரும் எடுக்கவில்லை. லண்டன் ஒளிப்பட இதழில் அவர் எழுதிய பயணத் தொடர்களைப் படிப்பவர்களுக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தும். ஒன்று, இமயம் தமக்குச் சரியாகச் ‘சட்டத்துக்குள் அடங்கவில்லை’ என்ற அவருடைய அங்கலாய்ப்பு; ஏரியும் நீர்நிலையும் உள்ள காஷ்மீர்தான் அவருக்கு மனம்நிறைந்த இடம். இங்கிலாந்து ஓவியங்களில் பார்த்துப் பழகிய நிலத்தைத்தான் அவர் இமயத்திலும் தேடினார். மற்றொன்று, கூலிகள். பெருங்கூட்டமாக வந்து கண்ணாடியையும் ரசாயனத்தையும் சுமந்தவர்கள், இடையில் ஓடிப்போனவர்கள், அவர்களைத் தடியால் அடித்ததையும் அவரே எழுதியிருக்கிறார். சில படங்களில், மலை எவ்வளவு பெரிது என்று காட்ட ஒருவர் மூலையில் நிற்கிறார். பெயர் கிடையாது.

இங்கே ஒரு சிறு விலகல். சென்னை மாகாணத்தின் அரசு ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். அவை கோயில்களும் கோட்டைகளும், காட்டுநிலம் அல்ல. ஆனால் அவருடைய படங்கள் சிலவற்றில் வானத்தில் மிதக்கும் மேகங்கள் நெகட்டிவில் தூரிகையால் தீட்டப்பட்டவை. வானத்தைக் கையால் செய்யும் வழக்கம் ஆடம்ஸுக்கு ஏழு பத்தாண்டுகள் முன்பே தஞ்சாவூர் வரை வந்தாகிவிட்டது.

வானம்தான் இந்தக் கலையின் தீராத தலைவலி. அந்தக் காலத்து ரசாயனங்களுக்கு நீலம் மட்டுமே நன்றாகத் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. நிலம் சரியாகப் பதியும்வரை திறந்து வைத்தால் நீலவானம் எல்லை மீறிப் பதிந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாகிவிடும். வாட்கின்ஸ் அந்த வெள்ளையை அப்படியே ஏற்றுக்கொண்டு, மலையின் விளிம்பை அதன்மேல் வெட்டி ஒட்டியதுபோல நிறுத்தினார். என்னைக் கேட்டால், மேகங்களோடு வந்த பிற்காலப் படங்கள் பலவற்றைவிட அந்த வெற்று வானமே கம்பீரம். எட்வர்ட் மைபிரிட்ஜ் ஒத்துக்கொள்ளவில்லை. மேகங்களைத் தனித் தகட்டில் எடுத்துவைத்துத் தேவையான மலைக்குமேல் அச்சிட்டார். 1872-இல் யோசெமிட்டியில் கோணத்தை மறைத்த மரங்களை அவர் இருபது இருபதாக வெட்டிச் சாய்த்தார் என்று அன்றைய நாளிதழ் ஒன்று பாராட்டாகவே எழுதியது! இயற்கையின் அழகைக் காட்டுவதற்காகக் கோடரி.

எல்லா வண்ணங்களும் பதியும் பான்க்ரோமாட்டிக் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைக்கு வந்த பிறகு கதை திரும்பியது. இப்போது லென்ஸுக்கு முன்னால் வண்ணக் கண்ணாடி வைத்து, எந்த நிறம் எவ்வளவு கறுக்க வேண்டும் என்று முடிவு செய்யலாம். 1927 ஏப்ரல் 10 அன்று, 25 வயது ஆடம்ஸ், யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே பனியில் ஏறி நின்றார். பையில் மிச்சம் இரண்டே தகடுகள். முதலில் மஞ்சள் ஃபில்டரோடு ஒன்றை எடுத்தார். அப்புறம்தான் உறைத்தது: பாறை சரியாக வரும், ஆனால் அதன்முன் நின்றபோது தமக்கு ஏற்பட்ட திகைப்பு வராது. அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டி, ஐந்து நொடி திறந்து, கடைசித் தகட்டை எடுத்தார். நீலவானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பாகி, பாறை அதிலிருந்து புடைத்துக்கொண்டு வந்தது. படம் எடுப்பதற்கு முன்பே பிரிண்ட் மனத்தில் முழுமையாகத் தெரிய வேண்டும் என்ற கொள்கை அவருக்கு அன்று பிறந்தது.

அந்தக் கொள்கையைக் கணக்காக மாற்றியதுதான் ஸோன் முறை. 1940 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸ் கலைப் பள்ளியில் பாடம் நடத்தியபோது ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து அதை வகுத்தார். முழுக் கறுப்பு முதல் முழு வெள்ளை வரை பதினோரு படிகள். ஒளிமானிக்குப் பனியும் தெரியாது, நிழலும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுச்சாம்பல் என்று நினைத்துக்கொண்டு அளவு சொல்லும். நிழலில் விவரம் தெரிய வேண்டிய இடத்தை மூன்றாம் படியில் வைத்து எக்ஸ்போஷரை முடிவு செய். பனி எந்தப் படியில் வந்து விழுகிறது என்று பார். எல்லை மீறினால் கழுவும் நேரத்தைக் குறை, போதாவிட்டால் கூட்டு. சுருங்கச் சொன்னால் அவ்வளவுதான். சுருள் ஃபிலிமில் முப்பத்தாறு படங்களும் ஒன்றாகக் கழுவப்படும். தாள் ஃபிலிமில் ஒவ்வொன்றையும் அதனதன் தேவைப்படி தனியாகக் கழுவலாம். பெரிய கேமராவை விடாமல் சுமப்பவர்களின் உண்மையான காரணம் துல்லியத்தைவிட இதுவாகத்தான் இருக்க வேண்டும். வண்ண ஃபிலிமைக் கழுவும்போது இந்தக் கைவேலைக்கு இடம் குறைவு. ஆடம்ஸ் கோடாக் நிறுவனத்துக்காக வண்ணத்திலும் எடுத்தவர்தான். ஆனால் தம் கை எட்டாத இடத்தில் அவருக்கு ஆர்வம் தங்கவில்லை.

1941 இலையுதிர்காலத்தில் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தைக் கடந்து காரில் போனபோது, கல்லறைச் சிலுவைகளில் அந்திவெயில் பட்டதையும் மேலே நிலா எழுந்திருந்ததையும் பார்த்து வண்டியை நிறுத்தினார். எட்டுக்குப் பத்து கேமராவை நிறுத்தியாயிற்று, ஒளிமானி கிடைக்கவில்லை. நிலாவின் ஒளியளவு அவருக்கு மனப்பாடம் என்பதால் அதை வைத்தே மனக்கணக்குப் போட்டு, எஃப்/32-இல் ஒரு நொடி கொடுத்தார். இரண்டாவது எடுக்கத் தாளைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. தேதியை அவர் குறித்துவைக்கவில்லை. பின்னாளில் நிலாவின் இருப்பிடத்தைக் கணக்கிட்டு நவம்பர் 1 என்று வானியல் தெரிந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நெகட்டிவிலிருந்து அவர் ஆயுளில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். ஆரம்ப காலப் பிரிண்ட்களில் வானத்தில் மெல்லிய மேகங்கள் உண்டு. பிற்காலத்தவற்றில் வானம் கறுத்து, மேகங்கள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன. பியானோ கலைஞராகப் பயின்றவர் என்பதால், நெகட்டிவை இசைக்குறிப்பு என்றும் பிரிண்டை வாசிப்பு என்றும் சொல்வது அவர் வழக்கம். இங்கே கைவைத்தல் ஒளிவுமறைவாக நடக்கவில்லை. பிரிண்டில் ஓரிடத்தைக் கையால் மறைத்து வெளுப்பாக்கியதையும், இன்னோரிடத்துக்கு அட்டைத் துளை வழியாக ஒளி ஊட்டிக் கறுப்பாக்கியதையும் நொடிக்கணக்கோடு நூலாக எழுதிக் கற்றுக்கொடுத்தவர் அவர். கறுத்த வானத்தைப் பொய் என்பவர்கள், கறுப்பு வெள்ளை என்பதே ஏற்கெனவே ஒரு மொழிபெயர்ப்பு என்பதை மறக்கிறார்கள். நீலம் எந்தச் சாம்பல் ஆக வேண்டும் என்பதற்கு இயற்கையில் விதி எதுவும் எழுதியில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய படங்களிலேயே மிகப் புகழ்பெற்ற இந்த நிலாப் படம், மனிதர் வாழும் ஊரின் படம்.

1932-இல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் எஃப்/64 என்ற குழுவாகச் சேர்ந்து, ஓவியம்போல மங்கலாக்கிய படங்களுக்கு எதிராகச் சான் ஃபிரான்சிஸ்கோவில் கண்காட்சி வைத்ததும், எதிர்முகாமோடு பத்திரிகைகளில் வாய்ச்சண்டை போட்டதும் எல்லா வரலாற்று நூல்களிலும் உண்டு. இன்று அந்தச் சண்டையில் சாரம் குறைவு. கேட்க வேண்டிய கேள்வியை வெளியிலிருந்து ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் கேட்டார்: உலகமே சிதறிக்கொண்டிருக்கும்போது இவர்கள் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று. அதற்கு ஆடம்ஸ் தரப்பிடம் செயலால் சொன்ன பதில் ஒன்று இருந்தது. 1936-இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியர்ரா கிளப் அவரைப் படங்களோடு வாஷிங்டனுக்கு அனுப்பியது. 1938-இல் அவர் வெளியிட்ட சியர்ரா நெவாடா நூல், உள்துறை அமைச்சர் ஹரால்ட் இக்கஸ் வழியாக ரூஸ்வெல்ட்டின் கைக்குப் போயிற்று. 1940-இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. ஒரு பாறையின் படம் அந்தப் பாறையைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகை. காப்பாற்றக் கூடியவர்களின் மேசைமேல் போய் உட்கார்ந்தது என்றால் சரியாக இருக்கும்.

சரி, மனிதர்கள்?

யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அவானீச்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். 1851-இல் மரிபோசா படைப்பிரிவு அவர்களைத் துரத்தியது. குடில்களையும் கருவாலிக் கொட்டைச் சேமிப்பையும் எரித்தது. வாட்கின்ஸ் கேமராவோடு வந்தது அதிலிருந்து பத்தே ஆண்டு கழித்து. அவர் படங்களில் பள்ளத்தாக்கின் தரை அகன்ற புல்வெளியாக, இடையிடையே கருவாலி மரங்களோடு, யாரோ பராமரித்த தோட்டம்போல இருக்கிறது. தற்செயல் அல்ல, யாரோ பராமரித்ததுதான். அவானீச்சிகள் காலந்தோறும் புல்லுக்குத் தீ வைத்து, ஊசியிலை மரங்கள் மண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். கைபடாத நிலம் என்று கிழக்குக் கடற்கரையில் கொண்டாடப்பட்ட படங்கள், உற்றுப் பார்த்தால், கைபட்டதன் ஆவணங்கள். வாட்கின்ஸ் மீது இதற்காகப் பழி போடுவதும் நியாயமில்லை: சுரங்கம், மர ஆலை, ரயில் பாதை என்று மனித வேலைகளையும் அதே பெரிய தகடுகளில் எடுத்தவர் அவர். ஆளற்ற நிலம்தான் தூய நிலம் என்ற இலக்கணம் அடுத்த நூற்றாண்டில்தான் இறுகியது. 1964-இல் அமெரிக்கா நிறைவேற்றிய வனாந்தரச் சட்டம் அதை எழுத்திலேயே வைத்தது: அங்கே மனிதன் வந்துபோகும் விருந்தாளி, தங்குபவன் அல்ல. சட்டம் காத்த 91 இலட்சம் ஏக்கரில் பலவற்றில் ஏற்கெனவே தங்கியிருந்தவர்கள் இருந்தார்கள் என்பது அந்த வரையறைக்குள் வரவில்லை. வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனன் 1995-இல் எழுதிய கட்டுரை இந்தக் கருத்தை அடிவேரில் கேள்வி கேட்டு, சூழலியலாளர்களையே இரண்டாகப் பிரித்தது.

ஆடம்ஸ் விஷயத்தில் எனக்கு உறுத்துவது இதுதான். அவர் வெளியூர்க்காரர் அல்ல. மனைவிக்கு வந்த ஸ்டுடியோவை நடத்தியபடி யோசெமிட்டி பள்ளத்தாக்கிலேயே குடியிருந்தார். பூங்காவுக்குள் பழங்குடிக் குடும்பங்கள் சிறு வீடுகளில் அப்போதும் வாழ்ந்தார்கள். அந்தக் குடியிருப்பு 1969-இல்தான் அப்புறப்படுத்தப்பட்டது. அக்கம்பக்கத்தார். அவருடைய புகழ்பெற்ற யோசெமிட்டி படங்கள் எதிலும் அவர்கள் இல்லை. மன்ஸனாரில் மனிதர்களுக்கு அத்தனை மரியாதையோடு கேமராவை நிறுத்தியவருக்கு, மலையைப் பார்த்ததும் மனிதர்கள் கண்ணிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். வானத்தைக் கறுப்பாக்கியதைப் பக்கம் பக்கமாக விளக்கியவர், இதை விளக்கவேண்டிய ஒன்றாகவே நினைக்கவில்லை.

காலியாகக் காட்டாவிட்டால் காப்பாற்றியிருக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு; அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. டாஸ்மேனியாவில் ஃபிராங்க்ளின் ஆற்றை மூழ்கடிக்கும் அணை ஒன்றைக் கட்டவிருந்தபோது, பீட்டர் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் நான்குக்கு ஐந்து லின்ஹாஃப் கேமராவில் எடுத்த, பனிமூட்டம் தவழும் ஆற்று வளைவின் படம் 1983 தேர்தலுக்கு முன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரமாக வந்தது. ஆட்சி மாறியது, அதே ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பும் வந்து அணை நின்றது. அதுவும் ஆளற்ற படம்தான். ஆனால் வண்ணப் படம். எலியட் போர்ட்டர் அமெரிக்காவில் அறுபதுகளிலேயே வண்ணத்தில் இதைச் செய்துகொண்டிருந்தார். ஆக, பிரசார பலம் கறுப்பு வெள்ளையின் தனிச்சொத்து அல்ல.

1975-இல் ராச்செஸ்டரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் இல்லம் ‘நியூ டோபோகிராஃபிக்ஸ்’ என்று ஒரு கண்காட்சி வைத்தது. ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ் முதலானோர் பங்கேற்றார்கள். ஆன்சலின் அதே மேற்குநிலம். ஆனால் படத்தில் இருந்தவை புதுக் குடியிருப்பு மனைகள், கிடங்குச் சுவர்கள், நெடுஞ்சாலை ஓரங்கள். மலை எங்கோ பின்னால், மின்கம்பிக்கு அப்பால். அன்று வந்தவர்களில் பலருக்குப் பிடிக்கவில்லை. இந்த மரபின் வரலாற்றில் அதைவிட நேர்மையான திருப்பம் இல்லை என்பேன். அடுத்த சில ஆண்டுகளில் மார்க் கிளெட்டும் நண்பர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவைக் குழுக்களின் ஒளிப்படக்காரர்கள் நின்ற அதே இடத்தில், அதே மாதத்தில், அதே நேரத்தில் கேமராவை நிறுத்தி மறுபடி எடுத்தார்கள். யூட்டாவில் டிமத்தி ஓ’சல்லிவன் 1869-இல் எடுத்த சூனியக்காரிப் பாறைகளை அப்படி எடுத்தபோதுதான், அவர் கேமராவையே சாய்த்து வைத்துப் பாறைகளுக்கு அந்த விபரீதத் தோற்றத்தைக் கொடுத்தது அம்பலமானது. அரசாங்கத்தின் நில அளவை ஆவணம் அது! ஆனால் அதே ஓ’சல்லிவன்தான் 1867-இல் நெவாடாவின் மணற்குன்றுகளில் தம் இருட்டறை வண்டியையும் கோவேறு கழுதைகளையும், வண்டியிலிருந்து கேமரா வரை தாம் நடந்துவந்த காலடித் தடங்களையும் படத்துக்குள் விட்டுவைத்தவர். தான் அங்கே இருந்ததை ஒத்துக்கொண்ட படம். இந்த மரபு அந்த வழியில் போயிருக்கலாம், போகவில்லை.

மலையே இல்லாத இடத்தில் இந்தக் கலை என்ன செய்யும் என்பதற்கு ஃபுளோரிடாவின் கிளைட் புட்சர் நல்ல உதாரணம். 1986-இல் குடிபோதையில் ஒருவர் ஓட்டிய காரால் மகனை இழந்தபின் வண்ணப் படங்களை விட்டொழித்தார். எட்டுக்குப் பத்தும், பன்னிரண்டுக்கு இருபது அங்குலமுமான கேமராக்களோடு பிக் சைப்ரஸ் சதுப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். உச்சமும் பள்ளமும் இல்லாத நிலத்தில் மேகமே மலை. கொசுவும் முதலையும் என்று ஒதுக்கப்பட்ட சதுப்பை ஆறடி, எட்டடிப் பிரிண்ட்களில் பார்த்த பிறகுதான் அந்த மாநிலத்தவர் பலர் தங்கள் ஊரையே முதன்முறை பார்த்தார்கள். 2017-இல் பக்கவாதம் வந்தபின் டிஜிட்டலுக்கு மாறினார்.

நம் காடுகளில் கறுப்பு வெள்ளை என்றதும் நினைவுக்கு வருபவர் மா. கிருஷ்ணன். அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே பொருத்திய ஒரு கனத்த கருவியால் யானைகளையும் காட்டெருதுகளையும் எடுத்தார். அவர் தேடியது நிலக்காட்சி அல்ல, விலங்கு; தாளை மாட்டி நொடிக்கணக்கில் காத்திருக்க யானை இடம் கொடாது. ஆனாலும் அவர் படங்களில் மரமும் புதரும் வெறும் பின்னணியாக இருப்பதில்லை. பர்னுக்குப் பிறகு இந்தியாவில் பெரிய தகட்டில் காட்டுநிலத்தை எடுக்கும் தொடர்மரபு வேர்விடவில்லை என்பதால், அந்த இடத்தைக் கொஞ்சமேனும் நிரப்பியவர் என்று கிருஷ்ணனைச் சொல்லலாம்.

ஃபிலிமின் கதை முடிந்தது என்று பலமுறை எழுதியாகிவிட்டது. 2004-இல் இல்ஃபோர்ட் நொடித்தது. அதன் நிர்வாகிகளே வாங்கி நடத்தினார்கள். 2012-இல் கோடாக் திவால் மனு கொடுத்தது. இருந்தும் தாள் ஃபிலிம் கிடைக்கிறது; இல்ஃபோர்ட் மிகப் பெரிய அளவுகளுக்கு ஆண்டுக்கொரு முறை ஆர்டர் வாங்கி வெட்டித் தருகிறது. பிரைட்டனில் ஒரு சிறு நிறுவனம் 2014 முதல் ஒட்டுப்பலகையில் மலிவான கேமரா செய்து விற்கிறது. செபஸ்தியோ சல்காடோ ‘ஜெனிசிஸ்’ தொகுப்பின் பாதியில் டிஜிட்டலுக்கு மாறினாலும், அந்தக் கோப்புகளைத் தாள் நெகட்டிவாக மாற்றித்தான் பிரிண்ட் போட்டார். அதில் மனிதர்கள் இருக்கிறார்கள், ஆனால் பழங்குடிகள் மட்டும், காலத்துக்கு வெளியே நிற்பவர்களைப்போல. ஆளற்ற நிலம் என்ற இலக்கணம் சற்று நெகிழ்ந்திருக்கிறது. உடைந்ததாகச் சொல்ல முடியாது.

இந்தப் படங்கள் நிலத்தை என்ன செய்தன என்பதற்கு யோசெமிட்டியிலேயே விடை இருக்கிறது. அவானீச்சிகளின் தீ நின்றபின் நூறு ஆண்டுகளில் ஊசியிலை மரங்கள் புல்வெளிமேல் படர்ந்து, வாட்கின்ஸும் ஆடம்ஸும் நின்ற முனைகள் பலவற்றில் எதிரே இருப்பதே தெரியாமல் மறைத்துவிட்டன. 1970 முதல் பூங்கா நிர்வாகமே திட்டமிட்டுத் தீ வைக்கிறது. 2011 வாக்கில் இன்னொரு திட்டமும் வந்தது: புகழ்பெற்ற காட்சி முனைகளில் பார்வையை மறைக்கும் மரங்களை வெட்டி அகற்றுவது. எந்த முனையில் எவ்வளவு வெட்டலாம் என்பதற்கு அவர்கள் எடுத்துப் பார்க்கும் சான்றுகளில் பழைய ஒளிப்படங்களும் அடக்கம்.